ட்ரெஷரி என்றால் கருவூலம் இல்லை

போன மாதம் பக்கத்துத் தெரு நண்பரின் பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். பி.காம். முடித்து, மேற்படிப்பும் முடிக்கப் போகிறான். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் ட்ரெஷரி பிரிவுக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. "தாத்தா, நீங்க பம்பாயில ட்ரெஷரியிலதானே இருந்தீங்க? கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த அவன் பாட்டி முந்திக்கொண்டார். "அதான்டா, காஞ்சிபுரத்துல பென்ஷன்காரங்கள்லாம் போய் கையெழுத்துப் போடுவாங்களே, அந்த ஆபீஸ்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மாவும் கடைசிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். லீவில் நான் வாலாஜாபாத் வரும்போதெல்லாம் தெருவில் யாராவது ஒரு ரிடையர்டு வாத்தியார் பென்ஷன் அரியர்ஸ் பேப்பரோடு திண்ணையில் காத்திருப்பார். "ட்ரெஷரியில இருக்கியாமே தம்பி, இதைக் கொஞ்சம் என்னன்னு பாரேன்" என்பார். அது வேறு, இது வேறு என்று விளக்கி எனக்கே அலுத்துவிட்டது.

அந்தப் பையனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் வங்கியில் வேலை பார்த்தவர்கள். வங்கியிலேயே முப்பது வருடம் இருந்தவர்களுக்குக்கூட மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பிரிவில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது.

வங்கியில் நீங்கள் போடும் டெபாசிட் பணம் அப்படியே பெட்டியில் தூங்குவதில்லை. ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டும். அது சி.ஆர்.ஆர். இன்னொரு பகுதியைப் பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட வேண்டும். அது எஸ்.எல்.ஆர். 1991-ல் முதலாவது 15 சதவீதம், இரண்டாவது 38.5 சதவீதம். அதாவது நூறு ரூபாய் டெபாசிட்டில் ஐம்பத்து மூன்றரை ரூபாய் இப்படிப் போய்விடும். மிச்சத்தைத்தான் கடனாகக் கொடுக்கலாம். இந்தக் கணக்கை நாள் தவறாமல் சரியாக வைத்திருப்பது, பணம் மிஞ்சினால் இன்னொரு வங்கிக்கு ஓரிரவுக் கடனாகக் கொடுப்பது, குறைந்தால் வாங்குவது, பத்திரங்களையும் டாலரையும் வாங்கி விற்பது, இதுதான் ட்ரெஷரி வேலை. சுருக்கமாகச் சொன்னால், கொடுக்க வேண்டிய நாளில் கையில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிற வேலை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டான் பையன். இவ்வளவுதான். ஆனால் இதை நான் கற்றுக்கொண்டது பம்பாயில் இல்லை. எங்கள் வீட்டுத் தறிக்குழிக்குப் பக்கத்தில்.

அப்பாவுக்கு இரண்டு தறி. காஞ்சிபுரத்தில் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து சொந்தமாக நெய்து கடைகளுக்குக் கொடுப்பார். முதலாளியிடம் கூலிக்கு நெய்தவர்களுக்குப் பட்டும் ஜரிகையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். சொந்தத் தறிக்காரனுக்கு அந்தக் கவலையும் சேர்ந்து வரும். தறியில் இருக்கும் பாவு தீருவதற்குள் அடுத்த பாவுக்குப் பணம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தறி சும்மா நிற்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. தீபாவளி முடிந்து கடைக்காரர்களும் வாங்குவதைக் குறைத்துவிடுவார்கள். அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் அடுத்த பாவுக்குமாக ஒரு தகரப் பெட்டியில் அப்பா பணம் வைத்திருப்பார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பெட்டியைத் தொட யோசிப்பார்.

1965-ல் ஒரே ஒரு முறை தொட்டார். ஜரிகை விலை ஏறப் போகிறது என்று யாரோ சொன்னதை நம்பிப் பெட்டிப் பணம் முழுவதற்கும் ஜரிகை வாங்கிவிட்டார். அந்த வருடம் செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை. தீபாவளி வியாபாரம் மந்தம். கொடுத்த சேலைக்குக் கடைக்காரர்கள் பணம் தரவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜரிகை பெட்டியில் இருந்தது. அரிசி வாங்கக் காசு இல்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு நாள் காலையில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனார். அடகுக் கடையில் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அம்மாவின் இரண்டு வளையல். அம்மா அதைத் தினம் போடுவதில்லை, கல்யாணம் கார்த்திகைக்குத்தான் எடுப்பார். வரும் வழியில் அப்பா எனக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கிக் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். நானும் சொல்லவில்லை.

தை மாதம் மாமா வீட்டுக் கல்யாணம். அம்மா பெட்டியைத் திறந்தார். வளையல் இல்லை. பத்து நிமிடம் வீடே சத்தமில்லாமல் இருந்தது. அம்மா அழவில்லை, கத்தவில்லை. அப்பாவைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே. என் அண்ணன்கிட்ட வட்டியில்லாம வாங்கியிருக்கலாமே. மூணு மாசமா வட்டி கட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியுமாடா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மீட்டர் கேஜ் ரயிலில் காஞ்சிபுரம் போய்ப் பட்டப்படிப்பு முடித்து, 1974-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதி ஆபீசரானேன். 1988-ல் பம்பாய்க்கு மாற்றல். மாதுங்காவில் ஓர் அறை, கோட்டைப் பகுதியில் ஆபீஸ். எனக்குக் கிடைத்த இடம் ட்ரெஷரியின் பேக் ஆபீஸ். டீலர் மேசையில் இருப்பவர்கள் போனிலேயே கோடிக்கணக்கில் பேசி முடித்துவிடுவார்கள். வாய் வார்த்தைதான் ஒப்பந்தம். பிறகு ஒரு டீல் ஸ்லிப் எழுதி எங்கள் பக்கம் தள்ளுவார்கள். அதைப் பதிந்து, எதிர் வங்கியோடு சரிபார்த்து, ரிசர்வ் வங்கிக் கணக்கின் மேல் செக் எழுதி, ஆளைக் கொடுத்தனுப்பிப் பணத்தைச் சேர்ப்பது எங்கள் வேலை. டீலர்களுக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை. எங்களை 'குமாஸ்தாக்கள்' என்றுதான் சொல்வார்கள்.

1992 ஏப்ரலில் பத்திர ஊழல் வெடித்தது. ஹர்ஷத் மேத்தா பெயர் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஆனால் ஓட்டை எங்கே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பத்திரத்தை விற்கும் வங்கி அதைக் கையில் கொடுக்காமல், 'உங்கள் பத்திரம் என்னிடம் இருக்கிறது' என்று ஒரு ரசீது கொடுக்கும் வழக்கம் இருந்தது. பேங்க் ரசீது, சுருக்கமாக பி.ஆர். சில இடங்களில் பின்னால் பத்திரமே இல்லாமல் ரசீது எழுதப்பட்டது. அந்தக் காகிதத்தை நம்பிப் பணம் கைமாறி, தரகர் வழியாகப் பங்குச் சந்தைக்குப் போனது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கண்டுபிடித்த ஓட்டை 4,000 கோடி ரூபாய்க்கு மேல். அதன் பிறகுதான் எல்லாரும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். யார் ஸ்லிப்பைச் சரிபார்த்தது, யார் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எங்கள் பதிவேடு சரியாக இருந்தது. மறு வருடம் என்னை டீலர் மேசையில் உட்கார வைத்தார்கள். அதனால் இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் இரண்டு வருடம் பேக் ஆபீஸ் கிடைத்தால் சந்தோஷமாகப் போங்கள் என்பதுதான். பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

வங்கிகளுக்கிடையே நடக்கும் ஓரிரவுக் கடனுக்குக் 'கால் மணி' என்று பெயர். இதற்கு 10 சதவீதத்துக்கு மேல் வட்டி போகக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 1989 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது வித்தை என்று நினைக்க வேண்டாம். ரங்கூனில் நம் செட்டியார்கள் மாதம் ஒருமுறை கோவிலில் கூடி 'நடப்பு வட்டி'யை முடிவு செய்வார்கள். அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் அடிப்படை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அந்நியச் செலாவணிதான் அந்த வங்கியின் முக்கியத் தொழில் என்பது அவர் எண்ணம். பணத்தை ஊர் விட்டு ஊர் நகர்த்துகிற கணக்கு நம்மவர்களுக்குப் பழகியதுதான்.

இப்போது 1995-க்கு வருகிறேன். அந்த வருடத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1993 மார்ச்சிலிருந்து டாலர் 31 ரூபாய் 37 காசிலேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அசையவில்லை. எங்களுக்கெல்லாம் அது பாறை மாதிரி. 1995 ஆகஸ்டுக்குப் பிறகு அது ஆடத் தொடங்கி, அக்டோபரில் 35 ரூபாயைத் தாண்டியது. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. அங்கேதான் சூட்சுமம். ரிசர்வ் வங்கி டாலர் கொடுத்தால் பதிலுக்கு ரூபாயை வாங்கிக்கொள்ளும். அந்த ரூபாய் சந்தையை விட்டே போய்விடும். எங்கள் அந்நியச் செலாவணி மேசை இறக்குமதியாளர்களுக்காகத் தினமும் டாலர் வாங்கிக்கொண்டிருந்தது. இறக்குமதியாளரின் கடன் கணக்கில் பற்று எழுதிவிடுவார்கள். ஆனால் எங்கள் வங்கியின் ரூபாய் போய்க்கொண்டே இருந்தது. அந்த மேசை எனக்குப் பத்தடி தூரம். அவர்கள் போனில் கத்துவது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

நான் வேறு கணக்கில் இருந்தேன். சி.ஆர்.ஆர். பணத்தை இரண்டு வாரச் சராசரியாக வைத்தால் போதும். தீபாவளிக்கு மக்கள் எடுத்த பணம் பண்டிகை முடிந்ததும் வங்கிக்குத் திரும்பி வரும், கால் மணி மலிவாகும், வருடா வருடம் பார்த்ததுதான். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 23. எனவே அடுத்த பதினைந்து நாள் கணக்கு தொடங்கியதும் விதி அனுமதித்த அளவுக்குக் குறைத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பத்திரத்தில் போட்டு நாலு காசு பார்த்தேன். முந்தைய இரண்டு வருடமும் இதே மாதிரி செய்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

நவம்பர் முதல் நாள் காலையில் போனை எடுத்தால் பணம் கொடுக்க ஆளே இல்லை. பன்னிரண்டு, பதினான்கு என்று இருந்த வட்டி முப்பது என்றார்கள். நாற்பது என்றார்கள். மத்தியானத்துக்குள் ஐம்பதைத் தாண்டியது. எங்களுக்கு அன்று 40 கோடி குறைந்தது. பத்திரத்தை விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. கடைசியில் 60 சதவீதத்துக்கு எடுத்தேன். ஓர் இரவுக்கு வட்டி ஆறரை லட்சத்துக்கு மேல். 12 சதவீதமாக இருந்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம்தான் ஆகியிருக்கும். என் ஒரு தீர்மானத்தால் ஒரே இரவில் வங்கிக்கு ஐந்தேகால் லட்சம் போனது. அப்போது அது என் நான்கு வருடச் சம்பளம்.

எங்கள் பொது மேலாளர் அன்று வெளியூர். இரவு ஏழு மணிக்கு நான் மட்டும் மேசையில் இருந்தேன். இன்னொரு வங்கியில் என்னைப் போலவே மாட்டிக்கொண்ட ஒரு நண்பர் போன் செய்தார். "இன்னிக்கு மேல சொல்லாதே. நாளைக்கு ரேட் இறங்கும். பதினஞ்சு நாள் சராசரியில இது தெரியவே தெரியாது. அறிக்கையில சராசரியை மட்டும் போடு" என்றார். தப்பான யோசனை என்று உடனே தோன்றவில்லை. கேட்க நன்றாகவே இருந்தது. பொய் எழுதச் சொல்லவில்லையே, வாயை மூடிக்கொண்டு இருக்கத்தானே சொல்கிறார் என்று நினைத்தேன். ரிசீவரை வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். அறிக்கையைச் சராசரி போட்டே எழுதினேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மாதுங்கா போக ரயில் நிலையம் வரை நடந்தேன். வாசலில் ஒருவன் பொட்டலத்தில் பூந்தி விற்றுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. சினிமாவில் வருகிற மாதிரி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நடந்தது அதுதான். திரும்பி ஆபீசுக்கு நடந்தேன். காவலாளியிடம் சொல்லி மேலே போய் அறிக்கையைக் கிழித்துவிட்டு, மேலாளர் தங்கியிருந்த ஓட்டலுக்கு ட்ரங்க் லைனில் பேசினேன்.

தஞ்சாவூர்க்காரர் அவர். முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஏன்யா, பக்கத்து மேசையில டாலர் வாங்கறது உன் காதுல விழலையா?" என்று மட்டும் கேட்டார். "விழுந்தது சார். கணக்குல சேக்கலை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம ஏற்றுமதிக் கடன் கணக்கு எந்தத் தேதி வரைக்கும் ரிசர்வ் வங்கிக்குப் போயிருக்கு?" என்றார். ஏற்றுமதியாளர்களுக்கு நாம் கொடுத்த கடனுக்கு ஈடாக ரிசர்வ் வங்கி மறுகடன் கொடுக்கும், சந்தை வட்டியைவிட மிகக் குறைவாக. எங்கள் கணக்கு பழையதாக இருந்தது. அதற்குப் பிறகு கொடுத்த கடன்கள் சேரவே இல்லை. அவர் இரவோடு இரவாக மூன்று பேரைப் போனில் எழுப்பினார். காலையில் புதிய கணக்கு போனது, வரம்பு கூடியது. அடுத்த நாள் நான் சந்தையில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. வட்டி உடனே இறங்கிவிடவும் இல்லை. எனக்கு யோசனை சொன்ன நண்பர் அந்த வாரம் முழுவதும் சொல்லாமலே சமாளித்தார். அவர் வங்கிக்கு எவ்வளவு போயிற்று என்பதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அந்த வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை, அடுத்த முறைதான் கிடைத்தது. மேலாளர் ஊரிலிருந்து வந்ததும் முதல் வேலையாக என் மேசையைத் தூக்கி அந்நியச் செலாவணி மேசையோடு ஒட்டிப் போடச் சொன்னார். நான் 2012-ல் ஓய்வு பெறும்வரை அந்த ஏற்பாடு மாறவில்லை. 2002-ல் கிளியரிங் கார்ப்பரேஷன் வந்தது, பத்திர வியாபாரம் கம்ப்யூட்டருக்குப் போனது, செக் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்கள் இல்லாமல் போனார்கள். காலையில் ஒருவருக்கொருவர் 'இன்று உன்னிடமிருந்து என்ன போகிறது?' என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று பையன் நினைக்கக் கூடாது என்பதற்காக 2023 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். சிலிக்கான் வேலி வங்கி. எந்த நேரமும் திரும்பக் கேட்கக்கூடிய டெபாசிட் பணத்தை நீண்ட காலப் பத்திரங்களில் போட்டுவிட்டார்கள். பத்திரங்கள் நல்ல பத்திரங்கள்தான், பெரும்பாலும் அரசாங்க உத்தரவாதம் உள்ளவை. ஆனால் வட்டி ஏறியதும் அவற்றின் விலை இறங்கியது. 'முதிர்வு வரை வைத்திருப்போம்' என்று வகைப்படுத்தியதால் அதில் பெரும்பகுதி நஷ்டம் லாபக் கணக்கில் வரவில்லை. தெரிய வந்ததும் மார்ச் 9-ம் தேதி ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் கேட்டார்கள். மறுநாள் வங்கியை மூடினார்கள். அப்பாவின் ஜரிகையும் நல்ல ஜரிகைதான்.

பையன் கடைசியில், "என்ன கோர்ஸ் படிக்கணும் தாத்தா?" என்று கேட்டான். அதையும் சொன்னேன். இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ் நடத்தும் ட்ரெஷரி டிப்ளமோ, பத்திர விலைக் கணக்கு, அந்நியச் செலாவணி விதிகள், எக்செல். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். வளையல் கதையைக் குறித்துக்கொள்ளவில்லை. "இன்டர்வியூல நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்கன்னு கேப்பாங்களாம், என்ன சொல்றது?" என்றான். "செஞ்சதைச் சொல்லு, எப்போ யார்கிட்ட சொன்னேன்னும் சேர்த்துச் சொல்லு" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று நேற்று அவன் பாட்டி வந்து சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனார். "பேரனுக்கும் உங்களை மாதிரியே ட்ரெஷரி ஆபீஸ்தான். இனிமே என் பென்ஷனை அவனே பாத்துக்குவான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் வளையலை 1966 ஆடியில் மீட்டோம். இப்போது அது என் மனைவியிடம் இருக்கிறது.